பார்வையாளர் கைக்கு வருவது எவ்வளவு?

ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின் ‘அழிப்பு அறை’ 2002-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், குயின்ஸ்லாந்து கலைக்கூடத்தில் குழந்தைகளுக்காக உருவானது. வீட்டுக் கூடம் போன்ற ஓர் அறை. சோபா, சாப்பாட்டு மேசை, பியானோ, சுவர், தரை என அத்தனைக்கும் ஒரே வெள்ளைப் பூச்சு. உள்ளே வருபவர்களிடம் வண்ண வட்ட ஸ்டிக்கர்கள் உள்ள தாளைக் கொடுத்துவிடுவார்கள். எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். நாளாக ஆக, பியானோ எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாதபடி வட்டங்கள் பெருகிவிடும். லண்டனின் டேட் மாடர்ன் உட்படப் பல நாடுகளின் அரங்குகளுக்கு இந்த அறை போயிருக்கிறது. சமகாலக் கலைஞரை அழைத்து, பார்வையாளரின் படைப்பூக்கத்தையும் தூண்டுவது என்று இன்றைய கலை அருங்காட்சியகங்கள் பேசும்போதெல்லாம் முன்னால் வந்து நிற்கும் உதாரணங்களில் ஒன்று இது. அந்த நோக்கம் எனக்கு உயர்வானதாகவே படுகிறது. ஆனால் பங்கெடுக்க வைப்பது வேறு, படைக்க வைப்பது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்ததாகக் கணக்கு எழுதும் பழக்கம் அருங்காட்சியகங்களிடம் வேரூன்றிவிட்டது.

குசாமாவின் அறை தருவதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ‘எனக்கு வரையத் தெரியாது’ என்ற கூச்சத்துக்கு அங்கே இடமே இல்லை. ‘தொடாதே’ என்ற பலகைக்குப் பழகிய கைகள் அங்கே விடுதலை அடைகின்றன. நான்கு வயதுக் குழந்தையும் அதன் பாட்டியும் ஒரே தகுதியோடு வேலை செய்கிறார்கள். அதைவிட முக்கியமானது, பல பத்தாண்டுகளாகப் புள்ளிகளை வைத்து குசாமா சொல்லிவரும் கருத்து. தனி உருவம் பெருந்திரளில் கரைந்து மறைவதை இங்கே பார்வையாளர் தன் கையாலேயே நிகழ்த்துகிறார். ஆகவே குசாமாவின் படைப்பு என்ற அளவில் அதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒருவர் மேசை விளிம்பில் நீல வட்டங்களை மட்டும் அளந்து அளந்து வரிசையாக ஒட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் தாளில் உள்ளதை எல்லாம் கதவில் அப்பிவிட்டுப் போகிறார். சில நாள்களில் இரண்டும் ஒன்றுதான். யோசித்தாலும் யோசிக்காவிட்டாலும் அறை ஒரே முடிவைத்தான் சென்றடையும். அந்த முடிவு கலைஞரின் மனதில் முன்பே இருந்தது.

டேனிஷ்–ஐஸ்லாந்துக் கலைஞர் ஓலாஃபர் எலியாசனின் 2004-ஆம் ஆண்டுப் படைப்பொன்றை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். அதுவும் குயின்ஸ்லாந்து கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளதுதான். 2019-இல் டேட் மாடர்னுக்கு வந்தது. ஒரு டன் வெள்ளை லெகோ கட்டைகளைக் கொட்டி வைத்து, எதிர்கால நகரம் ஒன்றைக் கட்டுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அங்கே ஒருவர் உயரமான கோபுரம் ஒன்றை எழுப்ப நினைத்தால், கட்டைகள் போதாமல் போகும்போது முன்னால் வந்தவர் கட்டியதில் கை வைத்தாக வேண்டும். அதை இடிப்பதா, அதன்மேலேயே தொடர்வதா, விட்டுவிட்டு வேறு பக்கம் போவதா? எந்த முடிவை எடுத்தாலும் அது அடுத்து வருபவரின் வேலையை மாற்றுகிறது. மாலையில் நிற்கும் நகரம் எப்படியிருக்கும் என்று காலையில் எலியாசனாலும் சொல்ல முடியாது. படைப்பூக்கத்துக்கு நான் கேட்கும் தகுதி இவ்வளவே: பார்வையாளரின் முடிவால் விளைவு மாற வேண்டும்.

கட்டுப்பாடு இல்லாமல் கலை ஏது, ஸ்டிக்கரும் ஒரு கட்டுப்பாடுதானே என்று கேட்கலாம். எலியாசனும் கட்டுப்படுத்தத்தான் செய்கிறார். நிறத்தையே பறித்துவிட்டு வடிவத்தை மட்டும் கொடுக்கிறார். எல்லை வகுப்பதை நான் குறை சொல்லவில்லை. எல்லைக்குள் எதைச் செய்தாலும் ஒன்றுதான் என்ற நிலையைச் சொல்கிறேன். பொதுமக்களுக்கு எளிய நுழைவாயிலே போதும், அதற்குமேல் அவர்கள் கேட்பதில்லை என்ற வாதம் இன்னும் வலுவானது. வந்தவர்களை மிரட்டி அனுப்ப எந்த அருங்காட்சியகமும் விரும்பாது. ஆனால் 1968-இல் ஸ்டாக்ஹோமின் மாடர்னா மியூசியத்தில் நடந்தது அதற்கு நேர்மாறான சான்று. டென்மார்க்கைச் சேர்ந்த கலைஞர் பாலே நீல்சன் அரங்கையே குழந்தைகளின் விளையாட்டுக் களமாக்கி, குதிக்க நுரைப்பஞ்சு மெத்தைகள், மரம், கருவிகள், வண்ணம், வேடமிட உடைகள் எல்லாவற்றையும் அவர்களிடம் விட்டார். குழந்தைகளுக்கு நுழைவு இலவசம், கட்டணம் பெரியவர்களுக்குத்தான். மூன்று வாரத்தில் வந்தவர்கள் 33,000-க்கும் மேல், அவர்களில் பெரும்பான்மை சிறார். உண்மையான பொறுப்பைக் கொடுத்தால் மக்கள் ஒதுங்கிப்போவார்கள் என்று இதற்குப் பிறகும் எப்படிச் சொல்வது?

பாதுகாப்பு பற்றிய அச்சம் நியாயமானது. 1971-இல் கலைஞர் ராபர்ட் மோரிஸ் லண்டனின் டேட் கலைக்கூடத்தில் ஏறவும் தள்ளவும் வழுக்கவும் வைத்த மர அமைப்புகளில் பார்வையாளர்கள் காயப்பட்டு, சில நாள்களிலேயே காட்சியை மூட வேண்டியதாயிற்று. ஆனால் 2009-இல் அதே படைப்பு, பாதுகாப்பான பொருள்களோடு டேட் மாடர்னில் மீண்டும் கட்டப்பட்டது. கவனம் செலுத்தினால் தீர்வு இருக்கிறது. எனக்குப் பெரிய குறையாகப் படுவது பதிவு சார்ந்தது. கலைஞரின் பெயரும் அவர் தந்த செயல்முறையும் சேகரிப்பில் நிலைக்கின்றன. பார்வையாளர் ஒட்டியதும் கட்டியதும் காட்சி முடிந்தால் போயிற்று. எல்லாவற்றையும் சேமிக்கச் சொல்லவில்லை. யாரும் எதிர்பாராமல் ஒருவர் செய்ததை, ஸ்டிக்கர்களின் பின்தாளை மடித்து ஒரு குழந்தை செய்த பறவையை, குறைந்தது குறித்து வைத்துக் கலைஞருக்குக் காட்டலாம். அடுத்த ஊரில் அந்தப் படைப்பை மாற்றி அமைக்க அவருக்கு அது காரணமாகலாம். இதற்குப் பெரும் பணம் வேண்டாம். அரங்கில் நிற்கும் ஊழியருக்கு ஒரு குறிப்பேடும், அதில் அவர் எழுதியதை அடுத்த காட்சிக்கு முன் உட்கார்ந்து படிக்கும் காப்பாட்சியரும் வேண்டும்.