ஜோ பாஸின் 'வெர்ச்சுவோசோ': தனிக் கிட்டாரும் விரல் நுட்பமும்

'வெர்ச்சுவோசோ' என்பது அமெரிக்க ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜோ பாஸ் (1929–1994) பக்கவாத்தியம் எதுவுமின்றித் தனியாக வாசித்த இசைத்தொகுப்பு. 1973-இல் பதிவு செய்யப்பட்டு, நார்மன் கிரான்ஸ் தொடங்கிய பாப்லோ நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. தனிக் கிட்டாரில் ஜாஸ் பழகுவோருக்கு இன்றும் முன்மாதிரியாகக் காட்டப்படுகிறது. ஆனால் அதிலிருந்து எதைக் கற்க வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகின்றனர்.

விரல்களின் தேவை

ஜாஸ் குழுவில் பேஸும் பியானோவும் அடித்தளத்தைப் பார்த்துக்கொள்ளும். கிட்டார் கலைஞர் பிளெக்ட்ரத்தால் மெட்டை மட்டும் வாசித்தாலும் பாட்டு நிற்கும். தனியாக வாசிப்பவருக்கு அந்த வசதி இல்லை. பிளெக்ட்ரம் தந்திகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தொடும். ஆறாம் தந்தியும் முதல் தந்தியும் மட்டும் ஒரே கணத்தில் ஒலிக்க விரல்கள் வேண்டும். கட்டைவிரலுக்கு பேஸ், சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் கார்ட்டின் உட்சுரங்கள், மோதிரவிரலுக்கு மெட்டு என்பது பொதுவான பங்கீடு.

ஜோ பாஸ் செய்வது

இத்தொகுப்பை முதன்முறை கேட்பவருக்கு இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசிப்பதாகத் தோன்றும். கூர்ந்து கேட்டால், எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் இடங்கள் குறைவு என்பது புரியும். மெட்டின் ஓர் அடியைக் கார்ட்டோடு வாசிக்கிறார். இடைவெளியில் ஒற்றைச் சுர ஓட்டம் வருகிறது. பிறகு சில பேஸ் சுரங்கள். விடுபட்டதை நம் காதே நிரப்பிக்கொள்கிறது. வேகமான ஓட்டங்களுக்குப் பிளெக்ட்ரத்தையும் பயன்படுத்துகிறார். ஆகவே இங்கே பெரிய திறமை, எந்த நேரத்தில் எதை விடலாம் என்று அறிந்திருப்பதுதான்.

குறை

சில பாடல்களில் ஓட்டங்கள் மெட்டை மறைத்துவிடுகின்றன. மூலப் பாடலை அறியாதவர் மெட்டு எங்கே என்று தேட நேரிடும். லென்னி புரோவின் 1969-ஆம் ஆண்டு நேரடி நிகழ்ச்சிப் பதிவோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். செட் அட்கின்ஸின் பாணியில் வளர்ந்த புரோ, ஒரே கையால் கார்ட்டைத் தாளத்தோடு நிறுத்தி, அதன்மேல் மெட்டைத் தனியே பாடவிடுகிறார். பேஸும் டிரம்ஸும் அவருக்குத் துணையாக இருந்தன என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். ஆயினும் விரல்கள் ஒன்றையொன்று சாராமல் இயங்குவதைக் கற்க அவரே சிறந்த பாடம்.

பயில்வோருக்கு

எழுத்து உருப்படும் முன்பே வேகமாக எழுதும் மாணவர்களை நாற்பது பேர் வகுப்பில் எளிதாக அடையாளம் காணலாம். கிட்டாரிலும் அப்படித்தான். மெதுவான பாடல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கட்டைவிரலால் பேஸை மட்டும், தாளம் பிசகாமல் வாசியுங்கள். அடுத்து மெட்டை மட்டும். பின் இரண்டையும் சேர்த்து, மெட்டு ஒரு படி உரக்க ஒலிக்கிறதா என்று கவனியுங்கள். கார்ட்டின் உட்சுரங்களைக் கடைசியில், தேவைப்படும் இடத்தில் மட்டும் சேருங்கள். இந்த வரிசையில் சில மாதங்கள் பழகியபின் 'வெர்ச்சுவோசோ'வை மீண்டும் கேட்டால், முன்பு வேகம் மட்டுமே தெரிந்த இடங்களில் ஜோ பாஸ் விட்டுவைத்த இடைவெளிகளும் கேட்கத் தொடங்கும்.