ஒட்டுதலைத் தடுப்பது படலமா, கையா?

மாறுகண்ணுக்கு மறு அறுவை என்றாலே தசையைச் சுற்றிப் பனிக்குடப் படலம் (கருவைச் சூழ்ந்திருக்கும் பையின் உட்சவ்வு) வைத்துவிட வேண்டும், வைத்தால் தழும்பு ஒட்டாது என்ற நம்பிக்கை கண் மருத்துவர்களிடையே பரவிவருகிறது. வைக்காதவர் கடமை தவறியவர் என்பதுபோல் பேசுவோரும் உண்டு.

படலத்தின் நற்குணங்களை மறுக்க வேண்டியதில்லை. 1940-இலேயே கண் மருத்துவத்துக்குள் வந்துவிட்ட பொருள் அது. அழற்சியைத் தணிக்கிறது, தழும்பைத் தூண்டும் காரணிகளை அடக்குகிறது. தழும்பைத் தடுக்கப் பயன்படும் மைட்டோமைசின் மருந்துபோல் வெள்விழியை அரித்துவிடும் என்ற அச்சமும் இல்லை.

ஆனால் ஒட்டுதல் எங்கே பிறக்கிறது என்பதையே இந்த வழக்கம் மறக்கடிக்கிறது. கீழ்ச் சாய்தசையில் அறுவை செய்தபின் கண் கீழ்நோக்கி இழுபட்டு, மேலே உயர மறுக்கும் நிலையை அமெரிக்க மருத்துவர் மார்ஷல் பார்க்ஸ் 1970-களிலேயே விளக்கிவிட்டார். கண்கோளத்தைச் சூழ்ந்திருக்கும் டெனான் உறை கிழிந்ததும் அதன் பின்னிருந்த கொழுப்பு பிதுங்கி வந்து தசையோடும் வெள்விழியோடும் ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கொழுப்பு கருவிழி ஓரத்திலிருந்து ஏறத்தாழ 10 மி.மீ. பின்னால்தான் தொடங்குகிறது. உள் நேர்தசை வெள்விழியில் பதியும் இடமோ 5.5 மி.மீ. தொலைவில் இருக்கிறது. அந்த இடைவெளியை மதிக்கும் கைக்குக் கொழுப்பு அகப்படுவது அரிது. கண்ணால் பார்க்காமல் கொக்கியை விட்டுத் துழாவுவதும், ரத்தக் கசிவை அடக்காமல் மேலே தொடர்வதும், தேவையில்லாமல் பின்னோக்கி வெட்டிக்கொண்டே போவதுமே உறையைக் கிழிக்கின்றன. கிழித்த பிறகு விரிக்கும் படலம் சில வாரங்களில் கரைந்துவிடுகிறது. தழும்போ மாதக்கணக்கில் முதிர்கிறது.

ஆதரவாகக் காட்டப்படும் சான்றும் வலுவற்றது. அதில் பெரும்பகுதி முயல்களிடமிருந்து வருவது. அந்த முயல்களின் கண்கள் பெரும்பாலும் அதுவரை கத்தி படாதவை, உறை குலையாதவை. நம்மிடம் வருபவரோ ஏற்கெனவே அறுவை கண்டு, உறையும் தசையும் ஒன்றாக இறுகிப்போனவர். முயலில் அளக்கப்படுவது நுண்ணோக்கியில் தெரியும் நார்களின் அடர்த்தி. நோயாளி கேட்பது மாடிப்படி இறங்கும்போது ஒரு படி இரண்டாகத் தெரியாத பார்வை. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவ நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மனிதர்களில் வெளியான அனுபவங்கள் பெரும்பாலும் சில கண்களின் தொகுப்புகள். அவற்றில் பழைய தழும்பை வெட்டி நீக்குவது, தசையை இடம் மாற்றுவது, படலம் வைப்பது எல்லாம் ஒரே அமர்வில் நடக்கின்றன. கண் நன்றாக அசைந்தால் பெருமை முழுதும் படலத்துக்குப் போகிறது. பொறுமையாகத் தழும்பைப் பிரித்தெடுத்த கைக்கு அதில் பங்கே இல்லையா? அசையாமல் போனாலோ நோயாளியின் திசுவைக் குறை சொல்கிறோம். தோல்வியிலும் தோற்காத ஒன்றை மருத்துவம் என்று எப்படி ஏற்பது?

ஒரே வகை அறுவையைச் செய்து, படலம் வைத்தவரையும் வைக்காதவரையும் ஒப்பிட்டு, கண்ணசைவையும் இரட்டைப் பார்வையையும் அளந்து காட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அதுவரை இதை வழக்கமாக்க வேண்டாம். பயிற்சி மருத்துவருக்குப் படலம் விரிக்கக் கற்றுக்கொடுக்கும் முன், டெனான் உறையைக் கிழிக்காமல் தசையைப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள். ஒட்டுதலைத் தடுக்கும் வேலை முதல் அறுவையின் முதல் வெட்டிலேயே தொடங்கிவிடுகிறது.