கூத்துத் தலைமக்களும் குறையும்

மன்னார்க் கத்தோலிக்கக் கூத்துக்களுள் ஒன்று ஞானசவுந்தரி நாடகம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1967இல் இதனைப் பதிப்பித்தார். சிற்றன்னையின் சூழ்ச்சியாற் கைகள் வெட்டுண்ட அரசிளங்குமரி, மாதாவின் அருளால் அவற்றை மீளப் பெறுகின்றாள். அவளை மணந்த பிலேந்திரனிடமிருந்து பிரிப்பதும் பொய்க்கடிதமே. அவையோர் கண்ணீர் சிந்துவர், ஐயமில்லை. ஆயினும் இருவரும் ஒருவர்க்கொருவர் யாதொரு தீங்கும் இழைத்திலர். மன்னிக்க வேண்டிய இடமே அக்காதலில் இல்லை. பத்தி நாடகமாக நோக்குங்கால் இது குறையன்று. காதல் நாடகமாக நோக்கின் இதுவே குறை.

அயலிலுள்ள முல்லைத்தீவின் கோவலன் கூத்து வேறு வகையினது. கோவலன் மனைவியைத் துறந்து மாதவியிடம் சென்று, பொருளிழந்து மீள்பவன். அவனைக் கண்ணகி ஏற்குங்கால், 'நானாயின் ஏற்பேனா?' என்ற வினா காண்போர் உள்ளத்தில் எழாதிராது. கண்ணகியின் பெருமையும் அவ்விடத்திலன்றோ நமக்குப் புலனாகின்றது!

இவ்வேறுபாடு எமக்கு மட்டும் உரியதன்று. சீனத்தில், தாங் காலத்து யுவான் சென் எழுதிய கதையில், சாங் என்னும் இளைஞன் காதலி யிங்யிங்கைக் கைவிட்டு, அதற்கு நியாயமுங் கற்பிக்கின்றான். பின்னாளில் வாங் ஷிபு அக்கதையை 'மேற்குக் கூடம்' என நாடகமாக்கியபோது, தடையைப் பெண்ணின் தாய்மேல் ஏற்றிக் காதலரை இணைத்துவிட்டார். புகழ் பெற்றது நாடகமே. எனினும் நெஞ்சை உறுத்துவது பழைய கதைதான்.

மன்னார் அண்ணாவிமார் புதிய காதற் கூத்தொன்று எழுதப் புகுவராயின், பிலேந்திரன் அப்பொய்க்கடிதத்தை ஓரிரவேனும் நம்பியதாகப் பாடிப் பார்க்கலாம்.