பாசறையில் யார் படையினர்? – சங்கப் போர்ப்பாடல்களில் துணைத்தொழிலோரின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

சங்கப் போர்ப்பாடல்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மறவனையும் வேந்தனையும் மையமாகக் கொண்டவை. வேல் வடித்த கொல்லன், தேர் செய்த தச்சன், துடி முழக்கியவன், யானைப்பாகன், நாழிகைக் கணக்கர் ஆகியோர் படையோடு கொண்டிருந்த உறவு தனியே நோக்கத்தக்கது. புறநானூறு, முல்லைப்பாட்டு, நெடுநல்வாடை ஆகியவற்றைக் கொண்டு, அடையாளப்பூ, கடன், பெயர் என்னும் மூன்று அளவுகோல்களால் அவ்வுறவை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: பாசறை, அடையாளப்பூ, கடன், கொல்லன், தச்சன், துடியன், நடுகல்

முன்னுரை

ஒரு படையைச் சேர்ந்தவர் என்று யாரைச் சொல்வது? இக்காலப் படைகளிலும் இவ்வினா உண்டு. ஊர்தி பழுதுபார்ப்பவரும் மருத்துவப் பணியாளரும் ஒரு காலாட்படைப் பிரிவோடு ஆண்டுக்கணக்கில் உடன் உண்டு உறங்கினாலும், பெரும்பாலும் அவர்கள் தொப்பியில் அணிவது தம் தொழிற்பிரிவின் சின்னத்தையே. உடனிருத்தல் வேறு, உரியவராதல் வேறு. இவ்வேறுபாடு சங்கப் பாடல்களில் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

அடையாளப்பூ

போர்க்களத்தில் தம்மவரையும் பிறரையும் பிரித்தறிவதற்காகச் சேரர் படை பனம்பூவையும், பாண்டியர் படை வேம்பையும், சோழர் படை ஆத்தியையும் சூடியதைத் தொல்காப்பியப் புறத்திணையியல் குறிக்கிறது. பூவின் பயன் அழகன்று, அறிதல். அதன் வன்மையை நெடுநல்வாடை காட்டுகிறது. நள்ளிரவில் புண்பட்ட வீரரைக் காண வரும் வேந்தனின் பெயரை நக்கீரர் சொல்லவில்லை. ஆயினும் முன்செல்பவனின் வேலில் வேப்பிலை கட்டப்பட்டிருக்கிறது. அந்த அடையாளம் ஒன்றாலேயே பாடல் அகமாகாது புறமாயிற்று என்பது நச்சினார்க்கினியர் கொள்கை. 188 அடிகள் கொண்ட பாட்டின் திணையையே ஒரு வேப்பிலை மாற்றுகிறது.

அதே பூ தோற்கும் இடமும் உண்டு. உறையூரை முற்றியிருந்த நலங்கிள்ளியையும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியையும் நோக்கிக் கோவூர் கிழார் பாடிய புறநானூற்று 45ஆம் பாடலில், எதிரெதிர் நிற்கும் இருவரும் சூடியது ஆத்தியே. தம்மவர், பிறர் என்று பிரிக்க ஏற்பட்ட அடையாளம் இங்கு இருபுறமும் ஒன்றாகிப் போரையே பொருளற்றதாக்குகிறது. ஆகவே சின்னம் உரிமையுணர்வின் ஒரு கூறேயன்றி முழுமையன்று. சின்னம் சூடாதவரை எது படையோடு பிணைத்தது என்று தேட வேண்டியிருப்பதும் இதனாலேயே.

கடன்

இவ்விடத்தில் பலரும் எடுத்துக்காட்டுவது பொன்முடியாரின் 312ஆம் பாடல். தாய், தந்தை, கொல்லன், வேந்தன், காளை ஆகிய ஐவருக்கும் ஒவ்வொரு கடனை அது வகுக்கிறது. ஒரே சொல் ஐவருக்கும் பொதுவாக வருவதால், கொல்லனும் வேந்தனும் ஒரே நிரலில் நிற்கின்றனர் என்றும், பழந்தமிழ்ச் சமூகம் தொழில்களைச் சமமாகக் கொண்டது என்றும் உரைப்பது வழக்கமாகிவிட்டது.

தொடரமைப்பின் ஒப்புமையைச் சமூக ஒப்புமையாகக் கொள்வது பொருந்தாது. பாடலின் இயக்கம் ஒருமுகமானது. நால்வர் கடனும் ஐந்தாமவனை உருவாக்குவதற்கே அமைகின்றன. கொல்லனின் கடன் வேலைக் கொடுப்பதோடு முடிகிறது. களிறெறிந்து மீளும் பேறு காளைக்கு மட்டுமே உரியது. எனினும் கொல்லன் நீங்கினால் அந்நிரல் அறும். கடன் அவனைப் படைக்கு இன்றியமையாதவனாக்குகிறது, ஆனால் படையினனாக்கவில்லை.

உவமையில் நுழையும் தொழில்

கொல்லனும் தச்சனும் களத்துக்கு வரும் மற்றொரு வழி உவமை. பிட்டங்கொற்றனின் வலிமையைச் சொல்ல வந்த உறையூர் மருத்துவன் தாமோதரனார், சம்மட்டியின் அடியைத் தாங்கும் உலைக்கல்லை நினைக்கிறார் (புறம். 170). அதியமானைப் பாடும் ஔவையார், நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தை ஒப்பிடுகிறார் (புறம். 87). தச்சனின் விரைவு தெரிந்தவருக்கே அந்த ஒரு மாதத்தின் அருமை புரியும். அவர் தூது சென்று பாடிய 95ஆம் பாடலிலோ, தொண்டைமானின் படைக்கலங்கள் காவல்மனையில் நெய் பூசி ஒளிர்கின்றன. அதியமானுடையவை முனை சிதைந்து கொல்லனின் சிறுகொட்டிலில் கிடக்கின்றன. பட்டறையில் குவியும் வேலையே வீரத்துக்குச் சான்றாகிறது.

இவற்றுள் மிகக் கூர்மையானது 290ஆம் பாடல். ஒரு வீரனுக்கு முதலில் கள்ளை ஈந்து பின் தான் உண்ணுமாறு தலைவனிடம் ஔவையார் கூறுகிறார். தலைவனின் பாட்டனைக் காத்து இவ்வீரனின் பாட்டன் மாய்ந்தான். ஆரக்கால்கள் செருகப்பட்ட குறட்டைப் போல் உடலெங்கும் வேல் தைக்க நின்று மாய்ந்தான். தலைமுறை தாண்டிய படையுரிமையைச் சொல்லும் இப்பாடல் அவ்வுரிமையின் உச்சக் காட்சியைத் தச்சனின் கைவினையிலிருந்து கடன் வாங்குகிறது. மறவனுக்குப் பாட்டன் முதலாக வரலாறு உண்டு, தச்சனுக்கு அவன் செய்த குறடு மட்டும் உண்டு. மறவனைப் பாடுவதற்கு வேண்டிய மொழியைத் துணைத்தொழில்களே தந்திருக்கின்றன. தந்தவர் பெயர் பாடலில் இல்லை.

முல்லைப்பாட்டின் பாசறை

நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டு 103 அடிகளே உடையது. அதற்குள் பாசறையின் உள்ளமைப்பு வியக்கத்தக்க நுட்பத்தோடு விரிகிறது. தெருச்சந்தியில் நிற்கும் யானை கவளத்தை மறுக்கிறது. இளம்பாகர் வடமொழிச் சொற்களைப் பலமுறை கூறி அதனை உண்பிக்க முயல்கின்றனர். கச்சில் வாள் செருகிய மகளிர் விளக்குகளுக்கு நெய் வார்க்கின்றனர். நடுயாமத்தில் முதிய மெய்காப்பாளர் தூக்கம் மிக்க நடையோடு வேந்தனைச் சூழ்ந்து திரிகின்றனர். நாழிகைக் கணக்கர் பொழுதை அளந்து அறிவிக்கின்றனர். யவனர் வேந்தனின் உள்ளறையை ஒப்பனை செய்ய, நாவால் பேசாது உடற்குறிப்பால் உரைக்கும் மிலேச்சர் அருகிருந்து காக்கின்றனர்.

இப்பாசறைக்குப் பொதுமொழி இல்லை. யானையோடு ஒரு மொழி, வேந்தன் அருகே சைகை. ஒரே இனம், ஒரே மொழி என்ற பிணைப்பால் அன்று, ஒவ்வொருவரும் ஓர் இடத்தில் ஒரு பணியைத் தவறாது செய்வதாலேயே இது ஒரு படையாக இயங்குகிறது. நாழிகைக் கணக்கருக்குப் புலவர் தரும் அடையே பொய்க்காதவர் என்பதுதான். இது அவர்தம் தொழில் அறத்தின் பெயர்.

இரவில் வேந்தன் உறங்கவில்லை. வெட்டுண்ட யானைகளையும், செஞ்சோற்றுக் கடன் கழித்து மாண்ட வீரரையும், அம்பு தைத்து உணவு கொள்ளாத குதிரைகளையும் அவன் நினைக்கிறான். யானை அந்நினைவில் உண்டு, பாகன் இல்லை. ஆனால் அதே பாட்டில், உண்ண மறுக்கும் யானையின்முன் நின்ற பாகரைப் புலவர் முன்பே நமக்குக் காட்டிவிட்டார். வேந்தனின் நினைவு விட்டதைப் புலவரின் பார்வை விடவில்லை. நெடுநல்வாடையில் வேந்தன் நள்ளிரவில் கை ஊன்றி நடப்பதும் வாளேந்திய ஓர் இளைஞனின் தோள்மீதே, அவனுக்கும் பெயரில்லை.

துடியனும் நடுகல்லும்

களத்தில் மறவனுக்கு மிக அருகில் நின்ற தொழிலோன் துடியன். சாத்தந்தையாரின் 287ஆம் பாடல் துடி கொட்டுபவனையும் எறிகோல் கொள்பவனையும் இழிகுலப் பெயர்களாலேயே விளிக்கிறது. ஆனால் மறவர்தம் அஞ்சாமையை அப்பாடல் எடுத்துரைப்பதும் அவர்களிடமே. போரின் அறத்தைக் கேட்கத் தகுதியுடையவர், அதன் பரிசு பெற உரிமையற்றவர் என்ற இருநிலை அவ்விளியிலேயே இருக்கிறது.

இதற்கு மறுதலையாக, மாங்குடி கிழாரின் 335ஆம் பாடல் துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நான்கையன்றிக் குடியில்லை என்கிறது. அரிசில் கிழாரின் 285ஆம் பாடல் பாசறையோரை விளித்து, துடியன் கையில் வேலும் பாணன் கையில் கேடயமும் இருப்பதைக் காட்டுகிறது. பாடல் இடையிடையே சிதைந்திருப்பினும் இக்காட்சி சிதையவில்லை. தலைவன் வீழ்ந்தபின் அவன் படைக்கலத்தைத் தாங்கும் கைகள் இசைத்தொழிலோரின் கைகளே.

ஆயினும் 335ஆம் பாடலே வழிபடத் தகுந்ததாகக் கூறும் நடுகல், யானையை வீழ்த்தி மாண்டவனுக்கு உரியது. வழிகள்தோறும் பெயரும் பெருமையும் எழுதி மயிற்பீலி சூட்டிய கற்களை அகநானூற்று 67ஆம் பாடல் பேசுகிறது. கல்லில் ஏறுவது வேலைத் தாங்கியவன் பெயரோ வடித்தவன் பெயரோ அன்று, எறிந்தவன் பெயர்.

முடிவுரை

துணைத்தொழிலோர் கடனால் படைக்கு இன்றியமையாதவர், உவமையால் வீரத்தின் மொழிக்கு மூலமானவர், பெயரால் விடுபட்டவர். ஆகவே 312ஆம் பாடலை மட்டும் கொண்டு தொழிற்சமன்மை கூறுவதும், 287ஆம் பாடலை மட்டும் கொண்டு அவர்கள் படைக்குப் புறத்தவர் என முடிப்பதும் ஒருபுடை வாசிப்புகளே. இரண்டையும் ஒருங்கே வைத்துப் படிக்கும்போதுதான், சங்கப் படையின் அகமும் விளிம்பும் ஒரே மனிதரிடம் கூடியிருந்தமை விளங்கும். நடுகற்கள் தராத சான்றை உவமைகளும் பாசறைக் காட்சிகளும் தருகின்றன. போர்ப்பாடல்களை இனி ஆராய்வோர், யார் வென்றார் என்பதோடு, அவ்விரவில் யானைக்குக் கவளம் ஊட்ட யார் விழித்திருந்தார் என்பதையும் கேட்டாக வேண்டும்.