‘பரவால்லீங்க’ என்னும் தீர்ப்பு

இரண்டாம் ஆட்டம் விட்டு வருகிற ஆளை நிறுத்தி, வெள்ளகோவில் பக்கத்தில் யாரும் விமர்சனம் கேட்பதில்லை. “படம் எப்படீங்க?” என்பார்கள். பாதிப் பேர் சொல்லும் பதில், “பரவால்லீங்க.” வெளியூர்க்காரர் காதுக்கு அது ஒரே சொல். எங்களுக்கு நாலு சொல். அழுத்தமாகச் சொல்லிச் சட்டென்று முடித்தால் படம் தேறிவிட்டது. இழுத்துக்கொண்டே போய்க் கடைசி ‘ங்க’ தேய்ந்துவிட்டால் டிக்கெட் காசு தண்டம். “பரவால்லீங்க, ஒருக்காப் பாக்கலாம்” என்றால் வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். “பரவால்லீங்க, நீங்க பாருங்க” என்றால் பொறுப்பைத் தன் தலையிலிருந்து இறக்கி நம் தலையில் வைத்துவிட்டார் என்று பொருள்.

இந்தப் பேச்சுக்குள் ஒரு திறனாய்வு முறை இருக்கிறது என்பது என் கட்சி. ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் எடுக்கிற இடத்தில் காயை முறுக்கிப் பார்க்காமல் விலை பேசுகிற வியாபாரி இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சூரியகாந்தி விதையைக் கையில் அள்ளி, ஈரம் பார்த்து, பதரை ஊதிய பிறகுதான் ஏலம் கேட்பார்கள். சரக்கை நேரில் பார்த்தவன் சொல்லுக்கே மதிப்பு என்ற இந்தப் பழக்கம், அதே ஆட்கள் சினிமாவுக்குப் போகும்போது கூடவே போகிறது. அதன் வலிமையும் அங்கிருந்துதான் வருகிறது, கோளாறும் அங்கிருந்துதான் வருகிறது.

வலிமையை முதலில் பார்ப்போம். பேக்கரி வாசலில் டீயோடு நின்று படத்தைப் பற்றிப் பேசுகிறவர் நமக்குத் தெரிந்தவர். அவருக்குச் சண்டைக் காட்சி இருந்தால் போதும், கதை கந்தலாகக் கிடந்தாலும் கேட்கமாட்டார் என்பது தெரியும். பக்கத்தில் நிற்பவருக்கு அம்மா சென்டிமென்ட் வந்தால் கண் கலங்கும் என்பதும் தெரியும். ஒருவர் “பிரமாதம்” என்றால் கால்வாசியைக் கழித்துக்கொள்கிறோம், இன்னொருவர் “சலிப்பு” என்றால் அவர் தூங்கியிருப்பார் என்று தள்ளிவிடுகிறோம். சொல்லோடு சொன்னவரின் ருசியும் சேர்ந்து வருவதால் எடை போடுவது சுலபம். பத்திரிகை மதிப்பெண்ணில் இந்தக் கழிவுக் கணக்குப் போட முடியாது.

ஒருமுறை பெரிய நடிகர் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த விசைத்தறிக்காரர் ஒருவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. “கதையெல்லாம் இருக்கட்டுமுங்க. சத்தம் தாங்கல. எங்க தறிக்குடோனே தேவலாமுங்க.” நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நிற்கிறவரின் காதே தாங்கவில்லை என்றால், அதைவிடத் துல்லியமான ஒலி விமர்சனம் வேறு ஏது? படம் நன்றா, மோசமா என்ற பேச்சுக்கே அவர் போகவில்லை. தனக்கு நேர்ந்ததைச் சொன்னார், அளவுகோலும் தன் பிழைப்பிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட பேச்சு படங்களைத் தூக்கி நிறுத்தியும் இருக்கிறது. 1999 டிசம்பரில் ‘சேது’ வெளியானபோது சென்னைப் புறநகர்த் திரையரங்கு ஒன்றில் பகல் காட்சிதான் கிடைத்தது. பார்த்தவர்கள் பேசிப் பேசியே அது நூறு நாளைத் தாண்டியது. 2025 மே 1ஆம் தேதி சூர்யாவின் ‘ரெட்ரோ’வோடு ஒரே நாளில் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’க்கும் பெரிய நட்சத்திரத் துணை இல்லை. இலங்கையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் கதையைப் பார்த்தவர்கள் அடுத்தவருக்குச் சொன்னார்கள், காட்சிகள் கூடின. விளம்பரச் செலவுக்கு வழியில்லாத படத்துக்கு வாய்ப்பேச்சுதான் சுவரொட்டி.

இந்தப் பழக்கம் சினிமாவோடு பிறந்ததில்லை. நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது. கோயம்புத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோனார், 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தத் தெருவுக்கு இன்றும் அதுதான் பெயர். அவர் பங்கு கொண்டு 1933இல் உருவான பேசும்படம் ‘வள்ளி திருமணம்’, மேடையில் தலைமுறைகள் கேட்டுப் பழகிய இசை நாடகம். அடுத்த ஆண்டு வந்த ‘பவளக்கொடி’யும் அப்படியே. எம்.கே.தியாகராஜ பாகவதருக்கு அதுதான் முதல் படம், அதில் 50 பாட்டுகள். அன்றைக்குப் படம் பார்த்தவர் மேடையில் அந்த நாடகத்தை ஏற்கெனவே பார்த்தவர். அதனால் அவருடைய கருத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடை போட்ட கருத்தாக இருந்தது.

மேடையில் அந்தக் கருத்துக்கு ஒரு வசதி இருந்தது. பாட்டுப் பிடித்தால் ‘ஒன்ஸ்மோர்’ என்று கூவுவார்கள், ஆர்மோனியக்காரர் மறுபடி சுருதி பிடிப்பார். வசனம் இழுத்தால் முன்வரிசையில் சலசலப்பு எழும், நடிகர் சுருக்கிக்கொள்வார். இன்றைய குறை நாளைய ஆட்டத்தில் திருத்தப்படும். பார்ப்பவரின் பேச்சு ஆட்டத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. சினிமா வந்ததும் கூவுகிறவர் அங்கேயே இருந்தார், கேட்டுத் திருத்திக்கொள்ள எதிரே ஆள் இல்லாமல் போனது. நம் சினிமாப் பேச்சின் பல கோளாறுகளுக்கு வேர் இதுதான் என்று நினைக்கிறேன். திருத்தச் சொல்லப் பிறந்த பேச்சு, திருத்த வழியில்லாததால் தீர்ப்புச் சொல்லும் பேச்சாக மாறிவிட்டது.

முத்தூரைத் தாண்டிப் போனால் கொடுமுடி. அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயரில் சுமந்த கே.பி.சுந்தராம்பாள், மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரை குரலை அனுப்பியவர். 1935இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அன்று ஊரெல்லாம் பேச்சு. சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் வேதியராக வந்தார். படம் எதிர்பார்த்தபடி எடுபடவில்லை. ஆனந்த விகடனில் கல்கி அதைக் கிண்டலால் கிழித்தார், படத்தில் வந்த மரமும் மிருகமும்தான் நன்றாக நடித்திருப்பதாகச் சொல்கிற அளவுக்கு. அந்தக் கிண்டல் இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் அதிலிருந்து படம் ஏன் தோற்றது என்று தெரிந்துகொள்ள முடியாது. மேடையில் பெண் ஆண் வேடம் போடுவதைக் கொட்டகை இயல்பாக ஏற்றது, ஏனென்றால் அங்கே கேட்டது குரலை. காமிரா முகத்துக்குக் கிட்டே போனதும் குரல் பின்னுக்குப் போய், வேடம் முன்னுக்கு வந்துவிட்டது. மேடைப் பாட்டைப் படமாக்கும்போது எழுகிற அடிப்படைச் சிக்கல் இது.

இதற்கு நேர்மாறாக 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’ அமைந்தது. மேடையில் ஔவையாராக வேடமிட்டுப் பேர் வாங்கியவர் டி.கே.சண்முகம், ஓர் ஆண். படத்தில் அந்த வேடம் சுந்தராம்பாளுக்கு வந்தது. குரலும் முகமும் வயதும் ஒன்றோடொன்று பொருந்தின, ஜனங்கள் கொண்டாடினார்கள். இரண்டு படங்களுக்கும் ஜனங்கள் சொன்ன முடிவு சரியாகவே இருந்தது. காரணம் சொல்லும் வேலைதான் யாராலும் செய்யப்படாமல் கிடந்தது. ‘நல்லா இல்லை’ என்பதில் பார்வையாளர் அபூர்வமாகத்தான் தவறுகிறார். ‘ஏன்’ என்பதில் அடிக்கடி தவறுகிறார். அந்த ‘ஏன்’ தொழில்முறை விமர்சகரின் வேலை, அவரும் கிண்டலோடு நின்றுவிட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

இன்று டிஜிட்டல் பிரதி வந்துவிட்டதால் நாடகக் கொட்டகையின் பழைய வசதி வேறு உருவில் திரும்பியிருக்கிறது. 2024 ஜூலையில் ‘இந்தியன் 2’ வெளியான சில நாளில் 12 நிமிடம் குறைக்கப்பட்டது. நவம்பரில் ‘கங்குவா’வின் இரைச்சலைப் பற்றிப் புகார் பரவியதும், ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி தயாரிப்பாளர் தரப்பு திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டது. எங்கள் தறிக்காரரைப் போல எத்தனையோ பேர் சொன்ன ஒரே வகைக் குறை, உடம்பில் பட்ட குறை, அதனால் திருத்தவும் முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ‘மெய்யழகன்’ கதை வேறு. இரவெல்லாம் இரண்டு பேர் உட்கார்ந்து உறவைப் பேசுகிற அந்தப் படம் நீளம் என்று சொல்லப்பட்டு, 18 நிமிடம் வெட்டப்பட்டது. நிதானமே சரக்காக உள்ள படத்தில் நிதானத்தைக் குறையென்று எண்ணி நறுக்கினால் மிஞ்சுவது என்ன? காது வலி எல்லோருக்கும் ஒன்று. சலிப்பு ஆளுக்கு ஆள் வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைத்ததுதான் அங்கே நடந்த பிழை.

பாட்டு விஷயத்தில் நம் பேச்சு இன்னும் குழம்பிக் கிடக்கிறது. கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவான ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டது, பெரும்பாலும் பாகவதர் பாட்டுக்காக. இன்று பாட்டுத் தொடங்கியதும் பாதி வரிசை எழுந்து தம்மடிக்கப் போகிறது. வெளியே வந்ததும் “பாட்டு வேகத்தைக் கெடுக்குது” என்கிறது. மேலை நாட்டிலும் இந்தக் கூச்சம் உண்டு. நியூயார்க் பிராட்வே மேடையிலிருந்து படமாகி 2024 நவம்பர் 22இல் வந்த ‘விக்கெட்’, கதையைப் பாட்டாலேயே நடத்துகிற படம். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டில் ‘வோன்கா’, ‘தி கலர் பர்ப்பிள்’ போன்ற பாட்டுப் படங்களின் முன்னோட்டங்கள், உள்ளே பாட்டு இருப்பதையே முடிந்தவரை மறைத்தன. 2019இல் மேடையிலிருந்து வந்த ‘கேட்ஸ்’ முதல் காட்சியிலேயே நையாண்டிக்கு ஆளாகி, கிராபிக்ஸைச் செப்பனிட்ட புதுப் பிரதியைத் திரையரங்குகளுக்கு அனுப்பவேண்டி வந்தது. பாட்டு கதையைச் சொல்கிறதா, கதையை நிறுத்திவைக்கிறதா என்று பிரித்துப் பார்க்காமல் ‘பாட்டு அதிகம்’ என்று சொன்னால், வள்ளி திருமணத்தையும் குத்துப்பாட்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

இனிக் கோளாறுகள். முதல் நாள் முதல் காட்சியில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பகுதி இளவட்ட ஆண்கள், அதிலும் ரசிகர் மன்றத்துக்காரர்கள். வீட்டுப் பெண்கள் கிளம்புவது ஞாயிற்றுக்கிழமையோ அடுத்த வாரமோ. அவர்கள் கருத்து வருவதற்குள் படம் மாறியிருக்கும். ஆக ‘ஜனங்கள் சொல்கிறார்கள்’ என்பது ஜனத்தில் பாதி சொல்வதுதான். அடுத்தது, தியேட்டர் வாசலில் நீட்டப்படும் மைக். பேக்கரியில் நிதானமாகப் பேசுகிற அதே ஆள், காமிரா முன்னால் கத்துகிறார். கத்தினால்தான் அந்தத் துண்டு வெளியாகும் என்று அவருக்குத் தெரியும். பார்க்கிறவருக்கோ கத்துகிறவரின் ருசி தெரியாது, கழிவுக் கணக்குப் போட வழி இல்லை. பேச்சு அதேதான், பேசியவரின் அடையாளம் மட்டும் கழன்றுவிட்டது. காசு வாங்கிக்கொண்டு புகழ்கிறவரும், எதிர் நடிகரின் ரசிகரும் புகுந்துகொள்வது இந்த ஓட்டை வழியாகத்தான்.

‘கங்குவா’வுக்குப் பிறகு தயாரிப்பாளர் சங்கம், முதல் நாளில் யூடியூப் காமிராக்களைத் திரையரங்க வளாகத்துக்குள் விடக்கூடாது என்று கேட்டது. முதல் மூன்று நாள் விமர்சனத்துக்கே தடை வேண்டும் என்று நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. கேரளத்தில் இதே பிரச்சினை வந்தபோது, 48 மணி நேரம் பொறுக்கலாம் என்று நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் பரிந்துரைத்தார். மைக்கை வளாகத்துக்கு வெளியே நிறுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பேச்சுக்கே தவணை வைப்பது சரிப்படாது. முதல் மூன்று நாளில்தான் டிக்கெட் விலை அதிகம், விளம்பரச் சத்தமும் அதிகம். அந்த நேரத்தில் வாங்குபவன் மட்டும் வாய் மூடியிருக்கவேண்டும் என்றால், சந்தையில் காயைத் தொட்டுப் பார்க்காமல் சாக்கோடு தூக்கிக்கொண்டு போ என்பது போல.

எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு வேறு. வியாபார ஊர்க்காரர்களான எங்களுக்கு அது சீக்கிரம் ஒட்டிக்கொண்டது. “கோவை ஏரியாவுல தேறாதுங்க”, “ரெண்டாவது வாரம் நிக்காதுங்க” என்று எண்ணெய்ச் செக்கில் வேலை பார்ப்பவரும் பேசுகிறார். இது விநியோகஸ்தரின் கவலை, போட்ட பணம் அவருடையது. டிக்கெட் வாங்கி நாற்காலியில் உட்கார்ந்தவர், தன் நாற்காலியை விட்டுவிட்டு அவர் நாற்காலியில் ஏறிக்கொண்டு பேசுகிறார். 2003இல் ‘அன்பே சிவம்’, 2010இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ எல்லாம் ‘ஓடாது’ என்ற சொல்லோடு ஒதுக்கப்பட்டு, பின்னால் கொண்டாடப்பட்டவை. அன்று ‘ஓடாது’ என்றவர்கள் பொய் சொல்லவில்லை, கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் ‘உங்களுக்கு எப்படி இருந்தது’ என்று யாரும் கேட்கவில்லை, அவர்களும் தங்களையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே பழக்கத்தை விடவேண்டாம், கேள்வியை மாற்றினால் போதும். ‘படம் எப்படீங்க’ என்பதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி போடலாம்: ‘எந்த இடத்துல உங்களுக்குப் பிடிச்சுது, எந்த இடத்துல எந்திரிச்சுப் போகலாம்னு தோணுச்சு?’ இதற்குப் பதில் சொல்ல ‘பரவால்லீங்க’ போதாது. போன மாதம் ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். “எடவேளைக்கு முன்னாடி அந்தக் கெழவி தனியா ஒக்காந்து சோறு திங்கற எடம் இருக்குதுங்க. பாட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க அப்பத்தா நெனப்பு வந்துருச்சுங்க. மத்ததெல்லாம்…” என்று கையை ஆட்டினார். அடுத்த நாளே அந்தப் படத்துக்குப் போனேன். மற்றதெல்லாம் அவர் கை ஆட்டியபடிதான் இருந்தது. அந்த ஓர் இடமும் அவர் சொன்னபடியே இருந்தது.