அடுக்குப் பார்த்தலும் அவையோர் உரிமையும்

நாடகமொன்றைப் பற்றிய முதற் கருத்து எங்கே, எவரிடத்துப் பிறக்கின்றது என்னும் வினாவினை நமது விமர்சகர்கள் பெரிதும் எழுப்பியதில்லை. அரங்கேற்ற நாளன்று மேடையிற் கண்டதைக் கொண்டே அவர்கள் நிறையும் குறையும் கூறி வந்துள்ளனர். ஆயின் அரங்கேற்றத்துக்கு முன்னரே ஒரு சிறு கூட்டம் அந்நாடகத்தைப் பார்த்துவிடுகின்றது, தலையசைக்கின்றது, முகஞ் சுளிக்கின்றது, சில வேளைகளில் இடையே எழுந்தும் போய்விடுகின்றது. இக்கூட்டத்தின் எதிர்வினைக்கு என்ன பெறுமதி உண்டு? ஆடப்படுவது புதிய நாடகமாகவன்றி, ஏலவே மக்கள் நினைவில் வாழும் ஓர் ஆடல்பாடல் நாடகத்தின் மீள்தயாரிப்பாக இருப்பின், அப்பெறுமதி கூடுமா, குறையுமா? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாக்கள் எனக்கு எழுந்த இடம் திருகோணமலை ஓர்ஸ் ஹில் ஆகும். நகருக்கும் உள்துறைமுகத்துக்கும் அருகே உயர்ந்து கிடக்கும் அப்பகுதியின் சிறிய மண்டபமொன்றில், சில ஆண்டுகளுக்கு முன்னர், வடமோடிக் கூத்தொன்றின் முன்னோட்டக் காட்சியைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. கதை அபிமன்னன் கதை. விடியவிடிய ஆடப்பட வேண்டிய அக்கூத்து ஒன்றேகால் மணி நேரமாகச் சுருக்கப்பட்டிருந்தது. ஆடியோர் மாணவர். பார்க்க வந்த ஏறத்தாழ அறுபது பேரிற் பாதிப் பேர் நகரத்து ஆசிரியரும் மாணவரும். மறுபாதியினர் கொட்டியாரக் குடாவின் மறுகரையிலுள்ள மூதூர்ப் பகுதிக் கிராமங்களிலிருந்து அழைத்து வரப்பட்ட முதியோர். அவர்களுட் சிலர் தம் இளமையிற் காலிற் சதங்கை கட்டியவர்கள்.

ஆட்டம் முடிந்ததும் கருத்துக் கேட்கப்பட்டது. நகரத்து மாணவர் சிலர், இன்னும் கால் மணி நேரம் குறைத்தால் நன்றாயிருக்கும் என்றனர். ஆசிரியர் ஒருவர், மின்னொளியைப் பயன்படுத்திய முறையைப் பாராட்டினார். முதியவர் ஒருவர், களரியைச் சுற்றி மக்கள் அமராமல் ஒரே பக்கத்திலிருந்து பார்ப்பது கூத்தாகாது என்றார். மூதாட்டி ஒருவர், அபிமன்னன் இறந்தபோது தமக்கு அழுகை வரவில்லை என்றும், முன்னர் இதே கதைக்கு அழாத நாளே இல்லை என்றும் கூறினார். நெறியாளரான இளைஞருக்கு இக்கூற்றே மிகவும் உறைத்தது போலும். “ஏன் ஐயா அப்படி?” என்று, அதுவரை வாய் திறவாதிருந்த முதிய அண்ணாவியார் ஒருவரை நோக்கி அவர் கேட்டார். ஆட்டம் முழுவதும் முழங்காலில் விரல்களாற் தாளம் தட்டிக்கொண்டிருந்த அப்பெரியவர் சொன்ன விடை இதுதான்: “வரவக் குறைச்சா சாவும் குறைஞ்சி போகும் தம்பி.”

இவ்வொரு வாக்கியத்தில் அடங்கியுள்ள அரங்கியல் உண்மை சாதாரணமானதன்று. வடமோடியில் ஒரு பாத்திரத்தின் வரவாட்டம் வெறும் அறிமுகமன்று. வீசாணமும் பொடியடியும் பிறவுமாக ஆடுவோன் களரியைத் தனதாக்கிக் கொள்ளும் நேரம் அது. அவனது இளமை, செருக்கு, வேகம் அனைத்தையும் அவை தன் உடலாலேயே உணர்ந்துகொள்கின்றது. பின்னர் பகைவர் சூழ்ந்து அவனை வீழ்த்தும்போது, சற்று முன் கண்ணாரக் கண்ட அந்த ஆட்டம் அடங்கிவிட்டதே என்னும் இழப்பே அழுகையாகின்றது. வரவினை இரண்டு நிமிடமாகச் சுருக்கியவர், இழப்பதற்குரிய பொருளையே சுருக்கிவிட்டார். மூதாட்டி கண்டது விளைவு. அண்ணாவியார் கண்டது காரணம். இருவரும் அன்று அங்கு இல்லாதிருந்தால், அரங்கேற்றத்தின் பின்னர் எழுதப்படும் எந்த விமர்சனமும் இதனைக் கண்டிருக்குமா என்பது ஐயமே.

முன்னோட்டம் என்பது நமக்குப் புதியதொன்றன்று. கிழக்கிலங்கைக் கூத்து மரபில் அரங்கேற்றத்துக்கு முன்னர்ப் பல படிகள் இருந்தன. பாத்திரங்களுக்கு ஆள் தெரிந்து சட்டம் கொடுத்தல், மாதக்கணக்கிற் கூத்துப் பழகுதல், சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல், அதன் பின்னரே அரங்கேற்றம் என்பது முறை. இப்படிகளை வெறும் சடங்குகளாகக் கொள்வது பிழை. கூத்துப் பழகும் களரி மூடிய அறையன்று. ஊர் நடுவே அமைந்த வெளி. ஆடுவோனின் தாயும் மாமனும் அயலவனும் சதங்கை அணியும் நாளில் வந்து பார்த்தனர். முன்னொரு காலத்தில் அதே பாத்திரத்தை ஆடியவனும் அங்கிருந்தான். தாளம் தவறினால் அவன் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. அரங்கேற்றத்துக்கு வந்தவர்கள் ஏலவே அக்கூத்தினைப் பன்முறை பார்த்தவர்கள். ஓரளவுக்கு அதனை ஆக்கியவர்களும் அவர்களே. தயாரிப்பாளர் வேறு, சுவைஞர் வேறு என்ற பிரிவு அங்கு முழுமை பெற்றிருக்கவில்லை.

இப்பிரிவு முழுமை பெற்றது, கூத்துப் படச்சட்ட மேடைக்கு வந்தபோதாகும். பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் மனமே 1956இல் மேடையேறிச் சிங்கள அரங்குக்கு ஒரு புதுவழியைக் காட்டியது. அதனால் உந்தப்பெற்ற பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிற் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவற்றை 1960களில் மேடையேற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பல்கலைக்கழக மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். 1964இல் இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னர் அத்துறையின் ஆய்வாளராகவும் நெறியாளராகவும் வளர்ந்து, அதே நாடகத்தைப் பல ஆண்டுகளின் பின் மாற்றங்களுடன் மீளத் தயாரித்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. வட்டக்களரி நீள்சதுர மேடையாயிற்று. ஓரிரவு ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கியது. பாரமான கரப்புடுப்பு நீங்கி மெல்லிய உடை வந்தது.

இம்முயற்சி இல்லையேல், படித்த தமிழர் கூத்தினை இழிவாக நோக்கிய நிலை மாறியிருக்காது. இதனை மறுப்பவர் வரலாற்றை மறுப்பவராவர். அதே வேளையில், அன்றைய கிராமத்து அவையிடம் மட்டும் தீர்ப்பினை விட்டிருந்தால் இச்சுருக்கம் நிகழ்ந்திருக்குமா என்றும் கேட்கவேண்டியுள்ளது. நிகழ்ந்திருக்காது என்றே தோன்றுகின்றது. 1969இல் மௌனகுருவின் சங்காரம் வடமோடி ஆட்டத்தைச் சமூக விடுதலை பற்றிய புதிய பொருளுக்குப் பயன்படுத்தியதும், அரசர் கதையே கூத்து என்றிருந்தோரின் ஒப்புதலைப் பெற்றபின்னர் அன்று. எனவே முதற் பார்வையாளர் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று கொள்வதற்கில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்பது வேறு, கீழ்ப்படிவது வேறு.

இவ்வேறுபாட்டினைத் தெளிவுபடுத்த, அமெரிக்க வணிக அரங்கின் அனுபவம் ஓரளவு துணைபுரியும். நியூயோர்க்கின் புரோட்வேயில் இசை நாடகமொன்று முறையாகத் திறக்கப்படுமுன்னர், பல நாட்கள் அன்றேற் சில வாரங்கள் முன்னோட்டக் காட்சிகளாக ஆடப்படுகின்றது. பார்வையாளர் பணம் கொடுத்தே பார்க்கின்றனர். பத்திரிகை விமர்சகரின் தீர்ப்போ திறப்பு நாள்வரை பிற்போடப்படுகின்றது. இரவில் அவையின் சிரிப்பையும் மௌனத்தையும் இருமலையும் கவனித்து, மறுநாட் பகலில் ஆட்டத்தைத் திருத்துகின்றனர். முன்னாளில் இத்திருத்தம் வெளியூர்களில் நடைபெற்றது. 1943இல் ரொட்ஜர்சும் ஹமர்ஸ்ரைனும் ஆக்கிய ஒக்லஹோமா, நியூ ஹேவன் நகரில் வேறு பெயருடன் ஆடப்பட்டு, திருத்தங்களின் பின்னரே இன்றைய பெயருடன் நியூயோர்க்கை அடைந்தது.

முன்னோட்ட அவை உணர்வதிற் தவறுவது அரிது. அதன் உணர்வுக்கு மருந்து காண்பதிலேயே தவறு நேர்கின்றது. 1981இல் ஸ்ரீபன் சொண்ட்ஹைமின் மெரிலி வீ றோல் அலோங் என்ற இசை நாடகத்தின் முன்னோட்டங்களிற் பலர் இடையே எழுந்து சென்றனர். கதை பின்னிருந்து முன்னாக நகர்ந்தது; யார் யார் என்பதே அவர்களுக்குப் புரியவில்லை. தயாரித்தோர் உடைகளைக் கைவிட்டு, பாத்திரம் யாரென்பதைச் சட்டைகளிலே எழுதி மாட்டினர். நாடகம் திறந்தபின் 16 காட்சிகளுடன் நின்றுபோயிற்று. அதே நாடகம் 2023இல் புரோட்வேயில் மீளத் தயாரிக்கப்பட்டுப் பெருவெற்றி கண்டு, 2024இற் சிறந்த மீள்தயாரிப்புக்கான ரோனி விருதினைப் பெற்றது. முதலில் எழுந்து சென்றவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய குழப்பம் உண்மை. ஆனால் அது ஆக்கத்தின் மீதான இறுதித் தீர்ப்பன்று. அவ்வாட்டத்தின் குறையைச் சுட்டிய ஓர் அறிகுறியே.

மீள்தயாரிப்பில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. 2019 மார்ச்சில் டானியல் பிஷ் நெறிப்படுத்திய ஒக்லஹோமாவின் முன்னோட்டங்கள் தொடங்கின. பாடலும் உரையாடலும் பெரும்பாலும் பழையனவே. ஆயினும் பெரிய வாத்தியக் குழுவுக்குப் பதிலாக ஏழு இசைஞரே இருந்தனர். அவையோர் ஆடுகளத்தைச் சூழ அமர்ந்தனர். பெரும்பகுதியில் அவர்கள்மீதும் ஒளி வீசியது. இடைவேளையில் உணவும் பரிமாறப்பட்டது. நமது வட்டக்களரியை அறிந்தோர்க்கு இவை வியப்பளிக்கமாட்டா. ஆனால் முடிவிலே மணமக்களின் உடையில் இரத்தம் தெறிக்க நிகழும் கொலை, இளமைமுதல் அந்நாடகத்தை மகிழ்ச்சியின் வடிவமாக நினைத்திருந்த பலருக்கு அதிர்ச்சியாயிற்று. சிலர் வெறுத்தனர், சிலர் இப்போதுதான் நாடகம் புரிந்தது என்றனர். பழகிய பாடலைக் கேட்க வந்தவனுக்குப் பழகாத பொருள் கிடைப்பின் நேர்வது இதுவே.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், மீள்தயாரிப்பின் முதற் சுவைஞர் கூறும் முறைப்பாடுகளை மூவகைப்படுத்தலாம். முதலாவது, நினைவின் முறைப்பாடு. “அன்று இப்படி இருக்கவில்லை” என்பது அதன் வடிவம். ஓர்ஸ் ஹில்லில் ஒரு பக்க மேடையைக் குறை கூறிய முதியவரின் கூற்று பெரிதும் இவ்வகையது. மதிக்கத்தக்கது, ஆயினும் புதிய இடமொன்றில் ஆடுவோரை அது முழுமையாகக் கட்டுப்படுத்தாது. இரண்டாவது, பழக்கத்தின் முறைப்பாடு. இன்னும் கால் மணி நேரம் குறைக்கச் சொன்ன மாணவர், கூத்தினையன்றித் திரைப்படமும் தொலைக்காட்சியும் தமக்குப் பழக்கிய பொறுமையின் அளவினையே வெளியிட்டனர். நமது மேடைகள் பெரும்பாலும் இம்முறைப்பாட்டுக்கே செவிசாய்த்து வந்துள்ளன. மூன்றாவது, ஆட்டத்தின் முறைப்பாடு. எனக்கு அழுகை வரவில்லை என்பது அத்தகையது. ஆட்டம் தான் செய்ய முனைந்ததைச் செய்யவில்லை என்பதனை அது காட்டுகின்றது. இதற்கே நெறியாளர் விடைகூறக் கடமைப்பட்டவர்.

எனினும் இவை எப்பொழுதும் தனித்தனியே வருவதில்லை. அண்ணாவியாரின் வாக்கியம் வெளித்தோற்றத்தில் நினைவின் முறைப்பாடு போன்றதே. உள்ளே அது ஆட்டத்தின் முறைப்பாடு. கிழவர்கள் பழையதையே கேட்பார்கள் என்று அதனை ஒதுக்கியிருந்தால் இழப்பு நெறியாளருக்கே. உள்ளுறையைப் பிரித்தறிவதே விமர்சகன் செய்யவேண்டிய பணி. அப்பணியை அரங்கேற்றத்தின் பின் தொடங்குவதிலும் அடுக்கின்போது தொடங்குவதே பயனுடையது.

இத்திசையில் நம்மிடையே நிகழ்ந்த முயற்சியையும் குறிப்பிடல் வேண்டும். 2000களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கரும் அவரது குழுவினரும் மட்டக்களப்புச் சீலாமுனையில் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கப் பணி, கூத்தைக் கிராமத்திலிருந்து வெளியே கொண்டுவராமல், கிராமத்துக் களரியிலேயே வைத்து, ஆடுவோரும் அண்ணாவிமாரும் ஊரவரும் கூடி உரையாடி மாற்றியமைக்க முனைந்தது. அம்முறையிற் கருத்து வேறுபாடு கொள்வோர் உளர். ஆயின் அவையோரின் எதிர்வினை இடம்பெறவேண்டிய நேரம் ஆட்டம் உருவாகும் நேரமே என்பதனை அது வலியுறுத்தியது. பேராதனை மரபு ஆட்டத்தின் அழகினை நமக்கு மீட்டுத் தந்ததெனின், இம்முயற்சி அவையின் உரிமையை நினைவூட்டியது எனலாம்.

இவ்வுரிமை பற்றி இப்போது பேசவேண்டிய அவசரம் யாது? முன்னோட்டம் பயன்தரவேண்டுமாயின், முன்னையதை அறிந்தவர்கள் அவையில் இருத்தல் வேண்டும். போர்க் காலத்தில் திருகோணமலை மாவட்டத்தின் கூத்துக் கிராமங்கள் பலமுறை இடம்பெயர்ந்தன. 2006இற் சம்பூரிலிருந்து வெளியேறிய மக்கள் தம் நிலத்துக்கு மீளத் தொடங்கியது 2015இலேயாகும். முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கழிந்த ஆண்டுகளிற் களரி எங்கே, அடுக்கு எங்கே? ஏடுகளை அச்சிட்டுக் காக்கலாம். ஆட்டத்தைப் படம்பிடித்தும் வைக்கலாம். ஆனால் வரவு குறைந்தாற் சாவும் குறையும் என்று சொல்லவல்ல செவியையும் கண்ணையும் அவ்வாறு காக்க இயலாது. அத்தகையோர் இல்லாத அவையில் எந்த மீள்தயாரிப்பும் கைதட்டலைப் பெறும், திருத்தத்தைப் பெறாது.

ஓர்ஸ் ஹில் மண்டபத்தில் இரு வாரங்களின் பின் இரண்டாவது முன்னோட்டம் நடைபெற்றது. அபிமன்னனின் வரவு ஏழு நிமிடமாக நீட்டப்பட்டிருந்தது. வேறு சில உரைகள் குறைக்கப்பட்டிருந்தன. மொத்த நேரம் மாறவில்லை. ஒரு பக்க மேடையும் மாறவில்லை. அதனை மாற்ற இயலாமைக்கான காரணத்தை நெறியாளர் அம்முதியவரிடம் நேரிற் சென்று விளக்கினார். முதலிற் குறைக்கச் சொன்ன மாணவர் நேரத்தைப் பற்றி இம்முறை எதுவும் சொல்லவில்லை. அண்ணாவியார் முதல்நாள் போலவே முழங்காலிற் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். மூதாட்டி நோயுற்றிருந்தமையால் வரவில்லை. எனவே அவருக்கு அழுகை வந்திருக்குமா என்பதை எம்மால் அறிய முடியவில்லை.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் கூத்துகளையும் இசை நாடகங்களையும் மேடையேற்றுகின்றன. விருந்தினரை அழைத்து மாலையிட்டு ஒரேயொரு காட்சியுடன் நிறைவெய்தும் இவ்வழக்கத்தை நாம் மீளாய்வு செய்தல் வேண்டும். அரங்கேற்றத்துக்குக் குறைந்தது இரு வாரங்களுக்கு முன்னர் ஓர் அடுக்கு நடத்தப்படுமாயின், அதற்கு அயற் கிராமங்களின் அண்ணாவிமாரும் பழைய ஆட்டக்காரரும் பெண்களும் அழைக்கப்படுவாராயின், அவர்கள் சொல்வன எழுதி வைக்கப்படுமாயின், ஏற்றவற்றை ஏற்றும் ஏலாதவற்றுக்குக் காரணம் கூறியும் ஆட்டம் திருத்தப்படுமாயின், அவ்வேடே எதிர்கால ஆய்வாளனுக்கு எந்த விமர்சனக் கட்டுரையிலும் பெறுமதி மிக்க சான்றாக அமையும். அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு மண்டபமும், ஒரு மத்தளமும், ஒரு சோடிச் சல்லரியும், குறை கேட்கும் மனமும் போதும்.