சாயம் போட்ட பச்சை

சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "தம்பி, நீங்கதான வீடியோவுல சொன்னீங்க, காய் அம்புட்டும் பச்சையா இருக்கும்னு? இங்க வந்தது வெளுத்துப் போயில்ல இருக்கு."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அந்த வாக்கியத்தை நான் ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை. டைப் செய்தேன், அவ்வளவுதான். சொன்னது என் முகமும் என் குரலும். ஆனால் அந்த அம்மாவிடம் இதை எப்படி விளக்க? விளக்கினாலும் அது ஏமாற்றுக்காரன் சொல்லும் சாக்கு மாதிரிதான் கேட்கும்.

கதை சின்னது. கம்பத்தில் என் மாமா ஏலக்காய், மிளகு, கிராம்பு விற்கும் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். யாரோ ஒரு ஏஐ பெண்மணி பட்டுப்புடவையில் நின்று மசாலா விற்கும் ரீல்ஸைக் காட்டி, "மாப்ள, நீதான் கம்ப்யூட்டர் படிச்சவன், நமக்கும் இப்படி ஒண்ணு போட்டுக் குடு" என்றார். கடைக்குச் சம்பந்தமில்லாத அந்தப் பெண் முகம் வேண்டாமே என்று என் முகத்தையே கொடுத்தேன். கேமராவைப் பார்த்து இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்தால் போதும். மென்பொருள் அதிலிருந்து முகத்தையும் குரலையும் கற்றுக்கொள்ளும். பிறகு எதை எழுதிக் கொடுத்தாலும், எழுத்தை ஒலியாக்கி, ஒலிக்கு ஏற்றபடி உதட்டை அசைத்து வீடியோவாகத் தந்துவிடும். பின்னணிக்கு ஏலத்தோட்டம் வேண்டுமா, அதையும் உருவாக்கித் தரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் பதினோரு வீடியோக்கள் முடித்தேன். சட்டைகூட மாற்றவில்லை.

அந்த போனுக்குப் பிறகுதான் பதினொன்றையும் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சினிமாவைப் பார்ப்பது போல, என்ன நடிப்பு, என்ன வசனம், என்ன காட்சி என்று.

முதலில் நடிப்பு. அவதார் எப்போதும் நேராகப் பார்க்கும். கை நெஞ்சுக்கு நேரே எழும், விரியும், இறங்கும். விற்கிற பொருளை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காது. கடையில் நிற்கும் எந்த மனிதரும் இப்படி இருக்க முடியாது. என் மாமா பேசும்போது அவர் கண் பாதி நேரம் காய் மேலேதான் இருக்கும், விரல் ஒரு காயை நசுக்கிக்கொண்டிருக்கும். இந்த உடல்மொழி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்த எவருக்கும் உடனே தெரியும். 2017ல் லண்டனில் தொடங்கிய சிந்தீசியா போன்ற நிறுவனங்களுக்கு முதல் பெரிய சந்தை கார்ப்பரேட் பயிற்சி வீடியோக்கள். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே, சந்தேகமான இணைப்பைத் திறக்காதே என்று வருடத்துக்கு ஒருமுறை நமக்குப் பாடம் எடுக்கிற அந்த ஆள்தான் இப்போது கம்பத்தில் ஏலக்காய் விற்கிறான்.

அடுத்து வசனம். என் குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் நான் பேசுகிற தமிழ் அது இல்லை. "வணக்கம் நண்பர்களே" என்று செய்தி வாசிப்பவர் போலத் தொடங்குகிறது. ழகரம் ஒவ்வொரு முறையும் சுத்தமாக விழுகிறது. எனக்கே அப்படி விழாது. வேண்டுமென்றே "அங்கிட்டு", "இம்புட்டு", "வெள்ளன" என்று எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். சொல்லியது, தேர்வில் மனப்பாடம் ஒப்பிக்கிற பையன் போல, ஒவ்வொரு எழுத்தையும் பிரித்து. எங்கள் பக்கத்துப் பேச்சில் சொல்லைவிட இழுவைதான் முக்கியம். "என்னப்பு" என்பதைக் கோபத்துக்கும் கொஞ்சலுக்கும் ஒரே எழுத்தில்தான் எழுதமுடியும்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த மண்ணும் இந்தக் காற்றும் இல்லாமல் இந்தப் பழம் இல்லை என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த சான்று அது. அந்தப் பழத்தை விற்கும் வாய்க்கோ எந்த ஊரும் கிடையாது.

இதைச் சொல்லும்போது பழைய விளம்பரங்களை நினைத்து உருகும் கூட்டத்தில் நான் சேரவில்லை. ஆட்டோவில் மைக் செட் கட்டி ஓடிய ஜவுளிக்கடை விளம்பரமும் பதிவு செய்த குரல்தான். தியேட்டர் ஸ்லைடில் சிரித்த பெண்ணும் எந்த ஊர்க்காரரோ. பொய் அதிலும் இருந்தது. ஆடித் தள்ளுபடி ஆடியோடு முடிந்ததே இல்லை.

என்னை உறுத்தியது காட்சிதான். என் அவதாருக்குப் பின்னால் ஒரு தோட்டம், அதில் ஒரு பெண் நிமிர்ந்து நின்று, தோள் உயரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஏலக்காயைப் பறித்துக்கொண்டிருக்கிறாள். சிவந்த நிறம், மடிப்புக் கலையாத சேலை. ஏலக்காய் அப்படிக் காய்க்காது. ஆள் உயரத்துக்கு மேல் தட்டை வளர்ந்து நின்றாலும் காய்ச்சரம் செடியின் அடியிலிருந்து கிளம்பி மண்ணோடு படர்ந்துதான் வரும். காய் எடுக்கிறவர் குனிய வேண்டும், இல்லை குத்த வைக்க வேண்டும், மழையிலும் ஈரத்திலும் அட்டைக்கடியிலும். கம்பம், கூடலூர், போடி, தேவாரம் பக்கமிருந்து விடிவதற்கு முன்பே ஜீப்புகள் குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெண்களைத் தெரியும். மடியில் தூக்குவாளி, தலையில் துண்டு, ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணமுடியாத நெருக்கம். இந்தப் பள்ளத்தாக்கின் ஏல வியாபாரம் முழுக்க அவர்களுடைய முதுகின் மேல் நிற்கிறது. என் வீடியோ செய்த ஒரே வேலை அந்த முதுகை நிமிர்த்தி, அழகாக்கி, ஆளையே மாற்றி வைத்ததுதான். நான் எழுதிக் கொடுத்தது "ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கும் பெண்" என்ற ஒரு வரி. மிச்சத்தை அது பார்த்துக்கொண்டது.

பச்சையும் அப்படி வந்ததுதான். பறித்த காயை ஸ்டோரில் போட்டு, சூட்டில் பக்குவமாக உலர்த்தினால்தான் நிறம் நிற்கும். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. அப்படி எடுத்த நல்ல காயும் வெளிச்சம் பட்டால், காற்றுப் பட்டால் நாளாக நாளாக வெளுக்கும். சந்தையில் பச்சைக்கும் பருமனுக்கும்தான் விலை; எட்டு மில்லி என்றால் ஒரு மரியாதை. அதனால்தான் காய்க்குச் சாயம் போடும் திருட்டு வேலையும் இந்தத் தொழிலில் உண்டு. பிடித்தால் அது கலப்படம், சட்டப்படி குற்றம். மாமா வாழ்நாளில் ஒரு காய்க்குச் சாயம் போட்டதில்லை, அந்த விஷயத்தில் அவர் கறார். நான் போட்டேன். காயைத் தொடாமலே, வீடியோவில், அந்தத் தொழிலில் எவனும் கனவிலும் பார்க்காத ஒரு பச்சையை. அதற்குப் பெயர் கலப்படம் இல்லை. பெயர் கன்டென்ட்.

இல்லாத ஆள் வீடியோவில் வருவது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. தேனிக்குக் கிழக்கே ஆண்டிபட்டி இருக்கிறது. 1984 டிசம்பர் தேர்தலில் எம்.ஜி.ஆர். அங்கே போட்டியிட்டார். அப்போது அது மதுரை மாவட்டம். அக்டோபரில் சென்னையில் மருத்துவமனையில் சேர்ந்தவர் நவம்பரில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டு, நியூயார்க்கின் புரூக்ளினில் சிகிச்சையில் இருந்தார். தொகுதியில் கால் வைக்கவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றே வதந்தி. கட்சி அவரை மருத்துவமனையில் படம் பிடித்து, ஊர் ஊராகப் போட்டுக் காட்டியது. ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்து முதலமைச்சராகப் பதவியேற்றார். அதற்கும் முன்னால், 1967ல், கழுத்தில் கட்டோடு இருக்கும் அவர் படம் போஸ்டராக ஓட்டுக் கேட்டது. படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலையில் வென்றார்.

அதுவும் மார்க்கெட்டிங்தான், அதுவும் கச்சிதமான மார்க்கெட்டிங். ஆனால் அந்த வீடியோ எதைச் சாட்சி சொன்னது என்று பார்க்க வேண்டும். இந்த உடம்பு இருக்கிறது, மூச்சு விடுகிறது, திரும்பி வரும் என்றது. உடல்நலம் அவருடைய பேச்சைப் பாதித்திருந்தது. அவர் வாயில் வேறு யாரும் வாக்கியம் வைக்கவில்லை. திரும்பி வராமல் போயிருந்தால் அந்த வீடியோ பொய்யாகியிருக்கும். பொய்யாவதற்கான வாய்ப்பு அதற்கு இருந்தது. அதனால்தான் அதை நம்பினார்கள்.

நாற்பது வருடம் கழித்து, 2024 ஜனவரியில், டி.ஆர். பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டு விழாவில் கருணாநிதி திரையில் தோன்றினார். கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் துண்டு, வெள்ளைச் சட்டை. 2018 ஆகஸ்டில் இறந்தவர் நண்பரை வாழ்த்தினார், மகனின் ஆட்சியைப் பாராட்டினார். அடுத்த மாதம் ஜெயலலிதாவின் பிறந்தநாளில் அ.தி.மு.க. அவருடைய செயற்கைக் குரலை வெளியிட்டது. அந்தக் குரல் எடப்பாடி பழனிசாமிக்கு ஆதரவு கேட்டது. அவரும் 2002லும் 2006லும் ஆண்டிபட்டியில் நின்று வென்றவர்தான்.

கருணாநிதியின் அந்த அவதாரை ஒரு ரசிகனாகப் பார்த்தால் முதலில் இடறுவது நேரக்கணக்கு. அவர் மேடையில் "உடன்பிறப்புகளே" என்று சொன்னதும் கூட்டம் எழும்பும். அது அடங்கும்வரை நிற்பார், அந்த நிறுத்தத்திலேயே பாதிப் பேச்சு முடிந்துவிடும். கரகரப்பை மாடல் பிடித்துவிடும், கூட்டத்துக்காகக் காத்திருப்பதை எப்படிப் பிடிக்கும்? கைதட்டல் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாக்கியம் அதே நொடியில் வரும். இரண்டாவது இன்னும் வருத்தமான விஷயம். 1952ல் பராசக்திக்கு வசனம் எழுதியவர், முரசொலியில் ஆயிரக்கணக்கில் உடன்பிறப்புக்குக் கடிதம் எழுதியவர், வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்கு வசனம் எழுதிய மனிதர் அவர். அவர் வாய்க்குக் கடைசியில் வேறு யாரோ எழுதினார்கள். அவரிடம் அரசியல் ரீதியாக எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனால் ஒரு எழுத்தாளனுக்கு இதைச் செய்திருக்க வேண்டாம்.

எல்லா மறுஉருவாக்கத்தையும் ஒரே தட்டில் வைக்க நான் தயாரில்லை. பண்ணைப்புரத்து இளையராஜாவின் மகள் பவதாரிணி 2024 ஜனவரியில் இறந்தார், தேனி மாவட்டத்தில்தான் அடக்கம். அதே வருடம் 'கோட்' படத்தில் "சின்ன சின்ன கண்கள்" பாட்டில் அவர் குரல் ஏஐ மூலம் வந்தது, இசை அவருடைய தம்பி யுவன். அந்தப் பாட்டைக் கேட்கும்போது எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் அங்கே ஒரு தம்பி நிற்கிறார். ஏன் செய்தாய் என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள், தன் பெயரோடு, தன் துக்கத்தோடு. கட்சி வெளியிட்ட வீடியோவில் இறந்தவர் கொடுத்த வாக்குறுதிக்கு யாரிடம் போய்க் கேட்பது?

2025 அக்டோபரில் மத்திய அரசு ஒரு வரைவு விதி வெளியிட்டது. செயற்கை வீடியோ என்றால் திரையில் குறைந்தது 10 சதவீதப் பரப்பில் அடையாளம் வேண்டும் என்றது. அடையாளம் போடட்டும், நல்லதுதான். ஆனால் சின்னமனூர் அம்மாவுக்கு அது ஏஐ வீடியோ என்று தெரிந்திருந்தாலும் கேள்வி மாறியிருக்காது. பச்சையா இருக்கும்னு சொன்னது யாரு?

அந்த அம்மாவுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். காயைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றதற்கு, "நல்ல காய்தான் தம்பி, வாசம் இருக்கு. பொய் சொல்லாம குடுத்திருந்தா வாங்கித்தான் இருப்பேன்" என்றார்.

மாமாவிடம் வீடியோக்களை எடுத்துவிடலாம் என்றேன். அவருக்கு மனசில்லை. "எதுக்கு மாப்ள? ஆர்டர் வருதுல்ல. பச்சைய மட்டும் கொஞ்சம் கொறைச்சிரு." அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. போடியிலும் புத்தடியிலும் மின்னேலத்தில் விலை ஏறி இறங்குவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் சில்லறை வியாபாரி அவர். விளம்பரத்துக்கு ஆள் வைத்துப் படமெடுக்க அவரால் முடியாது. பெரிய கடைகளின் விளம்பரத்தில் சினிமா நடிகைகள் சிரிக்கிறார்கள், அவர்களும்தான் அந்த நகையை வாங்கிப் போட்டுக்கொண்டா பேசுகிறார்கள்? மாமாவுக்கு இலவசமாகக் கிடைத்தது ஒரு மருமகனின் முகம்.

அப்புறம் கடையிலேயே போனில் ஒன்று எடுத்தேன். மாமா சாக்கைப் பிரித்து, ஒரு கை அள்ளி, "இது எட்டு மில்லி, இது ஏழு. கொஞ்சம் வெளுத்தாப்லதான் இருக்கும், போன மாசத்துக் காய்" என்கிறார். நடுவில் இருமுகிறார், யாரோ கடைக்கு வந்து சீரகம் கேட்கிறார்கள், கொடுத்துவிட்டு வந்து தொடர்கிறார். இரண்டு வாரத்தில் இருநூற்றுச் சொச்சம் பேர் பார்த்தார்கள். அதில் முப்பது பேராவது எங்கள் சொந்தக்காரர்கள்.

அவதார் கணக்கை நான் மூடவில்லை. பாஸ்வேர்ட் மாமா மகனிடம் இருந்தது. சித்திரையில் ஒருநாள் ராத்திரி, சென்னையில் படுத்துக்கொண்டே போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அதே சட்டையில் நான் வந்து பன்னீர் திராட்சை ஜூஸ் விற்றேன். கடையில் ஜூஸ் விற்பதே எனக்குத் தெரியாது. உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

"டேய், அத எடுடா."

"ஏன் மச்சான், நல்லாத்தான பேசியிருக்கீங்க. நாலாயிரம் பேர் பாத்துட்டாங்க."